கேட்காத துதி, மறவாத நன்றி

எங்கள் வீட்டில் காலையில் பஞ்ச நமஸ்காரம் சொல்லிவிட்டுத்தான் காபி. ஒருநாள் என் பேத்தி, "தாத்தா, இதுல சாமிகிட்ட நாம ஒண்ணுமே கேக்கலியே?" என்றாள். சிறுபிள்ளைக் கேள்விதான். ஆனால் சமண வழிபாட்டின் ஆணிவேரையே அது தொட்டுவிட்டது.

அந்த மந்திரம் 35 எழுத்துகள் கொண்டது. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், உலகத்துச் சாதுக்கள் ஆகிய ஐவருக்கும் வணக்கம் சொல்வதோடு சரி. தீர்த்தங்கரர் எவர் பெயரும் அதில் இல்லை, வேண்டுதலும் இல்லை. அருகர் விருப்பு வெறுப்பு அற்றவர். புகழ்ந்தால் மகிழ்ந்து கொடுப்பதோ, மறந்தால் கோபித்துப் பறிப்பதோ அவரிடம் கிடையாது. அவர் குணம் கொஞ்சமாவது நமக்கும் வரவேண்டும் என்பதற்கே துதி.

இந்த வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. சித்தர் வினை முழுதும் தீர்ந்து வீடுபெற்றவர். அருகருக்கு நான்கு வினைகள் இன்னும் மீதம். நிலையால் சித்தரே மேல். ஆனாலும் அருகருக்குத்தான் முதல் வணக்கம். ஏன்? சித்தர் என்று ஒருவர் உண்டு என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்தவர் அருகர். ஷட்கண்டாகமத்துக்குத் தவளா என்ற உரை எழுதிய 9ஆம் நூற்றாண்டு வீரசேனர் இதை விளக்குகிறார். ஆக, வழிகாட்டியவருக்கு முதல் நன்றி என்பது மந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் படித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? 1983இல் மும்பைக்கு வந்தபோது எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ஊர்க்காரர் ஒருவர்தான் தம் பாத்திரக் கடையில் சேர்த்துக்கொண்டு, கொள்முதலும் கணக்கும் பழக்கினார். பிற்பாடு கூட்டு வியாபாரத்தில் பணத் தகராறு, பேச்சுவார்த்தை நின்றது. பன்னிரண்டு வருஷம், காலையில் ஐவரையும் வணங்கிவிட்டு, கடைக்குப் போகும் வழியெல்லாம் அவர் தரவேண்டிய பாக்கியையே மனசில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நீலகேசி உரைகாரர் எங்கள் மறை என்று உரிமையோடு சொல்லும் நூல் திருக்குறள். அதில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். ஒருவர் கொலைக்கு ஒப்பான கெடுதல் செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரே ஒரு நன்மையை நினைத்தால் அது மறைந்துவிடும் என்கிறது 109ஆம் குறள். பலமுறை ஒப்பித்த குறள்தான். ஒருநாள் அதில் அந்த மனிதரின் முகம் தெரிந்தது. வியாபாரத்தில் எனக்கு வழிகாட்டியவர் அவரல்லவா! பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாதது என்ன கணக்கு?

நேரில் போய்ப் பார்த்தேன். பாக்கியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மனசு முழுக்க ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் காலையில் சொல்லும் வணக்கம் இப்போது வாயோடு நிற்பதில்லை.

அன்பர்களே, வெளிமாநிலத்தில் நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் கைபிடித்து வந்தவர்கள்தான். அந்த அதிகாரத்தில் பத்தே குறள். தினம் ஒன்றைப் பிள்ளைகளோடு உரக்கப் படியுங்கள். படித்தபின், நமக்கு உதவிய ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் செய்தது இன்னதென்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பத்து நாளில் ஒரு சுற்று முடியும், மறுபடி தொடங்கலாம். ராத்திரி கடைக் கணக்கை மூடும்போது அன்று கிடைத்த உதவி ஒன்றையும் வரவில் எழுதி வையுங்கள். நான் எழுதுகிறேன், ஒருநாள்கூட அந்தப் பக்கம் காலியாக இருந்ததில்லை.