பழைய ஐபாடிலிருந்து பாடல்களை மீட்டெடுத்தல்

ஆப்பிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஐபாட் இசைப்பானின் உற்பத்தி 2022இல் நிறுத்தப்பட்டது. எனினும், பலரது வீடுகளில் பழைய ஐபாடுகள் இன்னும் உள்ளன. இன்று எளிதில் கிடைக்காத பாடல்களும் தாத்தா பாட்டி பாடிய பதிவுகளும் அவற்றில் இருக்கக்கூடும். கருவி பழுதாவதற்கு முன்பே அவற்றைப் புதிய கருவிக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஐபாட், கணினியிலிருந்து பாடல்களைப் பெறுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. திருப்பித் தருவதற்காக அன்று. அதை வேறொரு கணினியுடன் இணைக்கும்போது, 'அழித்து ஒத்திசைக்கவா?' என்ற வினா திரையில் தோன்றலாம். அதற்கு இசைந்தால், ஐபாடில் உள்ள பாடல்கள் அழிந்துவிடும். ஆகவே, அதை மறுத்துவிட வேண்டும்.

பொத்தான்களால் இயங்கும் பழைய ஐபாடுகளைச் சேமிப்பு வட்டாகப் பயன்படுத்தும் வசதி உண்டு. அவ்வாறு இணைத்து, மறைந்துள்ள கோப்புறைகளைக் கணினியில் காணச் செய்தால், பாடல் கோப்புகள் தென்படும். அவற்றின் பெயர்கள் பொருளற்ற நான்கு எழுத்துகளாக இருக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பாடல், பாடகர் போன்ற விவரங்கள் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். கோப்புகளை நகலெடுத்து, இசைச் செயலியில் சேர்த்தால் அவ்விவரங்கள் மீண்டும் தோன்றும். பின்னர், அங்கிருந்து புதிய கருவிக்கு மாற்றலாம்.

முன்பு விலைக்கு வாங்கிய சில பாடல்களுக்கு நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. அவை புதிய கருவியில் ஒலிக்காமல் போகலாம். எனவே, நகல்களை ஒலிக்கவிட்டுச் சரிபார்த்த பின்னரே பழைய ஐபாடை அப்புறப்படுத்த வேண்டும்.