பாம்பு ஏன் சாப்பிடவில்லை?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் நண்பகல். பக்கத்துத் தெருவைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், நான் ஒரு பாம்பு வளக்கேன். பன்னெண்டு நாளா ஒண்ணுமே திங்க மாட்டேங்கு. செத்துருமோன்னு பயமா இருக்கு" என்றான்.

வீடு கட்ட வானம் தோண்டிய இடத்தில் கிடைத்த மண்ணுளிப் பாம்பு அது. வாலும் தலையைப் போலவே மழுங்கியிருப்பதால் 'இருதலை மணியன்' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் காற்றுத் துளைகள் இட்டு அதை அடைத்து வைத்திருந்தான். பால் ஊற்றினானாம், குடிக்கவில்லை. கோழிமுட்டை வைத்தானாம், திரும்பிப் பார்க்கவில்லை.

ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு அவனுடன் போனேன். துளை வழியே டின்னுக்குள் நுழைத்துப் பார்த்தேன். 41 டிகிரி செல்சியஸ்! உடனே டின்னைக் கீழே கொண்டுவந்து நிழலான அறையில் வைக்கச் சொன்னேன். பையன் உணவைப் பற்றிக் கேட்டான். எனக்கோ வெப்பத்தைப் பற்றித்தான் கவலை. ஏன் என்று பார்ப்போம்.

பன்னிரண்டு நாள் பட்டினியா?

1 கிலோ எடையுள்ள பாலூட்டி ஒன்று சும்மா படுத்திருப்பதற்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோ கலோரி ஆற்றல் வேண்டும். உடலுக்குள் ஓயாமல் அடுப்பெரித்து, வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கும் பிராணி அது. பாம்புக்கு அந்த அடுப்பு இல்லை. தனக்கு வேண்டிய வெப்பத்தை அது வெயிலிலிருந்தும் மண்ணிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. ஆகவே அதே எடையுள்ள பாம்புக்கு, 30 டிகிரி வெப்பநிலையில், நாளொன்றுக்கு 5 கிலோ கலோரி அளவே போதும்.

100 கிராம் எடையுள்ள ஓர் எலியில் ஏறத்தாழ 150 கிலோ கலோரி இருக்கும். கழிவும் செரிமானச் செலவும் போக 100 மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20. ஓர் எலி, 20 நாள் சாப்பாடு! பன்னிரண்டு நாள் என்பது நம் பாம்புக்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் மார்ஷல் மெக்கியூ என்ற ஆராய்ச்சியாளர் 62 பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைத்து ஆராய்ந்தார். உணவு இல்லை என்றதும் அவை தம் உடலின் ஆற்றல் செலவையே குறைத்துக்கொண்டன. சில பாம்புகளில் இது 72 விழுக்காடு வரை குறைந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வில், பட்டினிக் காலத்திலும் பாம்புகள் நீளத்தில் சற்று வளர்ந்திருந்தன என்றும் தெரியவந்தது.

விழுங்கினால் போதுமா?

பாம்பு இரையை மென்று தின்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. அதைக் கரைக்கும் செரிமான நீர்களின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பொதுவாக 10 டிகிரி குறைந்தால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். மிகவும் குளிர்ந்தால், இரை செரிக்குமுன் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். வெப்பம் மிகுந்தாலோ பாம்பின் உயிருக்கே ஆபத்து. ஆகவே தன் வெப்பநிலையைச் சரிசெய்துகொள்ள வழியில்லாத பாம்பு உண்ண மறுப்பது பிடிவாதம் அன்று, தற்காப்பு.

செரிப்பதும் எளிய வேலை அன்று. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியபின் இரண்டே நாளில் அதன் இதயம் 40 விழுக்காடு பெருக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். விருந்தாளி வந்தபின் அடுக்களையைப் பெரிதாக்கிக் கட்டுவது போன்ற வேலை இது!

வெப்பநிலை சரியாக இருந்தும் பாம்பு உண்ணாமல் இருப்பதுண்டு. சட்டை உரிக்குமுன் அதன் கண்கள் பால் படர்ந்ததுபோல் மங்கும். அப்போது இரை எடுக்காது. சினையாக இருந்தாலும் உண்ணாதிருக்கலாம். புதிதாகப் பிடிபட்டு, ஒளிந்துகொள்ள இடமின்றி மிரண்டிருக்கும் பாம்பும் அப்படியே. பழகாத இரையையும் தொடாது. அரச நாகத்துக்கு மற்றப் பாம்புகளே முதன்மையான உணவு. மண்ணுளிக்கோ எலி போன்ற சிறு பிராணிகள்தாம் இரை, கோழிமுட்டை அன்று.

பால்? பாம்புக்கு அது உணவே அன்று. தண்ணீரின்றித் தவிக்கும் பாம்பு எந்த நீர்மத்தையும் வாய் வைத்துப் பார்க்கும். அதைப் பார்த்துத்தான் 'பாம்பு பால் குடிக்கிறது' என்கிறோம். பட்டினி கிடக்கிறதே என்று வாயைத் திறந்து பாலைப் புகட்டினால் இன்னும் கேடு. பாம்பின் மூச்சுக்குழல் வாயின் முன்புறத்திலேயே திறக்கிறது. பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

புற்றின் இரகசியம்

அப்படியானால் கோடை வெயிலில் மண்ணுளி எப்படிப் பிழைக்கிறது? மண் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. உலர்ந்த மண்ணில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கும், பகல் இரவு வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக ஒடுங்குகிறது. மேல்மண் நண்பகலில் 52 டிகிரி, விடியலில் 25 டிகிரி என்றால் வேறுபாடு 27 டிகிரி. 10 செ.மீ. ஆழத்தில் அது 9, 20 செ.மீ. ஆழத்தில் 3, 30 செ.மீ. ஆழத்தில் ஒரே ஒரு டிகிரி! சற்று மேலே வந்தால் சூடு, கீழே போனால் குளிர்ச்சி. வேண்டிய வெப்பநிலையைப் பாம்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

நம் சங்கரன்கோவிலில் புற்றுமண் பிரசாதம் பெறாதவர் யார்? சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் இங்கே வழிபட்டதாகத் தலபுராணம் கூறுகிறது. உண்மையில் புற்றைக் கட்டுபவை கறையான்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாமல் இருப்பதால் பாம்பு அங்கே குடிபுகுகிறது. தகர டின்னில் பையன் அறியாமல் பறித்துவிட்டது இந்த வசதியைத்தான்.

பிறகு என்ன ஆயிற்று?

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைச் சொன்னதும் பையனின் முகம் வாடியது. "நல்லாப் பாத்துக்கிடணும்னுதான் சார் வச்சிருந்தேன்" என்றான். அவன் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாம்பை நன்கு அறிந்த இருளர்களைப் பாருங்கள். 1978-இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. அரசு அனுமதியுடன் பிடிக்கும் பாம்புகளைச் சில வாரங்களே வைத்திருந்து, நஞ்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அன்று மாலையே வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினோம். வனக்காவலர் வந்து பாம்பை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே கரட்டுப் பக்கம் விட்டார். பையனும் நானும் உடன் போயிருந்தோம். தளர்ந்து கிடந்த பாம்பு, பொலபொலப்பான மண்ணைத் தொட்டதும் தலையை நுழைத்தது. இரண்டு நிமிடத்தில் வால்கூடத் தெரியவில்லை.

மாணவர்களே, நீங்களும் பாம்பைக் கண்டால் பிடிக்க முயலாதீர்கள். மண்ணுளி இனத்திலேயே ஒன்று, கொடிய நஞ்சுள்ள கண்ணாடி விரியனைப் போன்ற புள்ளிகளை உடையது. பெரியவர்களே ஏமாந்துபோவார்கள். அதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள்: தோட்டத்து மண்ணில் 10, 20, 30 செ.மீ. ஆழத்தில் துளையிட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து வரைபடம் போடுங்கள். அந்தப் பையன் போட்ட வரைபடம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. 30 செ.மீ. கோடு ஏறத்தாழ நேர்கோடாகவே வந்திருக்கிறது.