வர்ணம் பூசினால் போதுமா?

டிஸ்னிலாந்தின் "நாளைய உலகம்" கற்ற பாடம்

பழைய வீடு ஒன்று. கூரை ஒழுகுகிறது. சுவரில் வர்ணம் மங்கிவிட்டது. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். எதை முதலில் கவனிப்பது?

கூரையைச் சரி செய்தால் வெளியே தெரியாது. சுவருக்கு வர்ணம் அடித்தால் தெருவே பார்க்கும். ஆனால் மழை வந்தால்?

குடும்பத்தலைவர்களுக்கு மட்டும் வரும் சங்கடம் அல்ல இது. உலகப் புகழ் பெற்ற டிஸ்னிலாந்துக்கும் ஒரு நாள் வந்தது. அங்கே என்ன நடந்தது என்பது வேடிக்கையான கதை. கொஞ்சம் வேதனையான கதையும்கூட.

மூன்று கணக்கு

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், அனாகீம் என்ற ஊரில் இருக்கிறது டிஸ்னிலாந்து. மிக்கி எலியைத் திரையில் ஓடவிட்ட வால்ட் டிஸ்னி கட்டிய உல்லாசப் பூங்கா. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக விளையாட ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இப்படி ஒரு பூங்காவை நடத்துகிறவர்கள் மூன்று கணக்குப் போட வேண்டும்.

முதலாவது, கண் கணக்கு. பார்த்ததும் மனம் மயங்க வேண்டும்.

இரண்டாவது, கால் கணக்கு. ஆயிரக்கணக்கான பேர் இடிபடாமல் நடக்க வேண்டும். அதிக நேரம் நிற்காமல் ராட்டினம் ஏற வேண்டும்.

மூன்றாவது, காசுக் கணக்கு. அதைச் சொல்லத் தேவை இல்லை!

இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலும் மற்ற இரண்டும் கெட்டுப்போகும்.

பலூன் கட்டி மறைத்தார்கள்

டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி. கட்டி முடிக்க 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவாயிற்று. பணம் போதவில்லை. நேரமும் போதவில்லை.

பூங்காவில் ஒரு பகுதிக்கு "நாளைய உலகம்" என்று பெயர். எதிர்காலத்தில் மனிதன் எப்படி வாழ்வான் என்று காட்டும் இடம். அதுதான் கடைசியில் கட்டப்பட்டது. வேலை முடியவில்லை. முடியாத இடங்களைப் பலூன்களும் கொடிகளும் கட்டி மறைத்தார்கள்!

திறப்பு விழாவுக்கு அழைப்பு பெற்றவர்களைவிட வந்தவர்கள் அதிகம். போலி டிக்கெட்டுடன் பலர் புகுந்துவிட்டார்கள். மொத்தம் 28 ஆயிரம் பேர் என்பது கணக்கு. கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் ரோட்டில் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. குடிதண்ணீர்க் குழாய்களும் போதவில்லை.

அன்றே கால் கணக்கின் அருமை தெரிந்துவிட்டது.

நிற்காத வண்டி

பூங்கா பிழைத்துக்கொண்டது. கூட்டம் பெருகியது. கையில் பணமும் சேர்ந்தது. 1967-ம் ஆண்டு "நாளைய உலகம்" புதிதாகக் கட்டப்பட்டது. அதற்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் செலவு. 1955-ல் பூங்கா முழுவதற்கும் ஆன செலவைவிட அதிகம்! அதைப் பார்க்க வால்ட் டிஸ்னி இல்லை. 1966 டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அந்தப் பணம் எங்கே போயிற்று? வெள்ளை வெளேர் என்று அழகான கட்டிடங்கள் எழுந்தன. ஆனால் அழகு மட்டும் அல்ல.

தலைக்கு மேலே தூண்களில் ஒரு பாதை. அதில் சிறு சிறு வண்டிகள். "பீப்பிள் மூவர்" என்று பெயர். ஆட்களை நகர்த்துகிற வண்டி என்று பொருள். பாதையில் பதித்த ரப்பர் சக்கரங்கள் சுழன்று வண்டிகளைத் தள்ளின. இந்த வண்டி நிற்கவே நிற்காது! ஏறுகிற இடத்தில் தரையே வட்டமாகச் சுழன்றது. வண்டியின் வேகமும் தரையின் வேகமும் ஒன்று. அதனால் கிழவரும் குழந்தையும்கூட ஓடுகிற வண்டியில் சுலபமாக ஏறினார்கள். வண்டி நிற்காததால் கியூவும் நிற்காமல் நகர்ந்தது.

இன்னொரு கொட்டகையில் மேடை அசையாது. பார்ப்பவர்களின் ஆசனங்களே மேடையைச் சுற்றி நகர்ந்தன. ஒரு கூட்டம் உள்ளே வரும்போதே இன்னொரு கூட்டம் வெளியேறியது.

குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராக்கெட் ராட்டினத்தையும் மூன்று மாடி உயரத்தில் தூக்கி வைத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கண்ணுக்கு அழகு. கீழே தரை காலியாக இருந்ததால் நடக்க வழி. ஒரே செலவில் இரண்டு லாபம்!

எதிர்காலம் பழசாயிற்று

ஆனால் "நாளைய உலகம்" என்ற பெயரிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாளை என்பது நாளைக்கு இன்றாகிவிடும்!

1967-ல் அதிசயமாக இருந்தது 1990-ல் பழசாகிவிட்டது. மனிதன் சந்திரனில் நடந்துவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரத் தொடங்கியது. புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே இருந்தால் கட்டுப்படி ஆகுமா?

அந்தச் சமயத்தில் கம்பெனிக்கு ஒரு அடியும் விழுந்தது. பாரிஸ் நகருக்கு அருகே 1992-ல் திறந்த புதிய பூங்கா கடனில் மூழ்கியது. 1994-ல் கடன்காரர்களோடு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டுதான் மீள முடிந்தது.

அனாகீமில் பீப்பிள் மூவர் 1995 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. பிறகு, 1998 மே மாதம், மறுபடியும் புதுப்பித்த "நாளைய உலகம்" திறக்கப்பட்டது.

செம்பு நிறம்

இந்த முறை வடிவமைப்பாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். வருங்காலம் எப்படி இருக்கும் என்று நாம் ஊகித்தால்தானே அது பழசாகும்? முன்னோர் எப்படி ஊகித்தார்கள் என்று காட்டினால்? இத்தாலிய மேதை லியோனார்டோ டாவின்சியும் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னும் கண்ட கனவுகளை வடிவமாக்கினார்கள். அது ஏற்கெனவே பழசு. இனிமேல் பழசாகாது!

நல்ல யோசனைதான். வெள்ளைக் கட்டிடங்கள் செம்பு நிறமும் வெண்கல நிறமும் ஆயின. 1977-ல் திறந்த "விண்வெளி மலை" என்ற வெள்ளைக் கூம்புக் கட்டிடமும் நிறம் மாறியது. பூச்செடிகளுக்குப் பதில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களும் காய்கறிச் செடிகளும் நட்டார்கள். பார்க்கவும் அழகு, தின்னவும் ஆகும்.

கண் கணக்கும் காசுக் கணக்கும் சரியாகிவிட்டது போல் இருந்தது. மூன்றாவது கணக்கு?

வளைவில் வந்த வினை

பீப்பிள் மூவர் ஓடிய பழைய பாதை காலியாக இருந்தது. அதே பாதையில் வேகமான வண்டி விட்டால் புதுப் பாதை கட்டும் செலவு மிச்சம். அப்படி வந்ததுதான் "ராக்கெட் ராட்ஸ்". பீப்பிள் மூவர் சுமார் 16 நிமிஷத்தில் சுற்றிய தூரத்தை இது சுமார் 3 நிமிஷத்தில் பறந்து முடித்தது.

வேகமாக ஓடும் பாதை வளைவுகளில் சாய்ந்திருக்க வேண்டும். ரெயில் பாதையிலும் அப்படித்தான். வளைவில் சைக்கிள் ஓட்டுகிறவன் உடம்பைச் சாய்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் பழைய பாதை மெதுவாகப் போகும் வண்டிக்காகக் கட்டியது. தட்டையாக இருந்தது. அதைச் சாய்த்துக் கட்டப் பணம் ஒதுக்கவில்லை.

ஆகவே வண்டி நேர்ப்பாதையில் சீறும். வளைவு வந்ததும் பிரேக் போட்டு ஊரும். மறுபடி சீறும். மறுபடி ஊரும். நாள் முழுவதும் இதே கதை. டயர்கள் தேய்ந்தன. யந்திரம் அடிக்கடி மக்கர் செய்தது.

வண்டி நின்றால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கு 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 4 வண்டி புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 1,200 பேர் ஏறலாம். 2 வண்டிதான் என்றால் 600 பேர். மீதி 600 பேர்? கியூவில் காத்து நிற்பார்கள். அல்லது பாதையில் அலைவார்கள். ஒரு ராட்டினம் நின்றால் பாதையும் அடைபடும்.

2000 செப்டம்பரில் பழுது பார்க்க என்று நிறுத்தினார்கள். 2001-ல், இனி ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். புது வண்டி இரண்டரை ஆண்டுகூட ஓடவில்லை. பழைய வண்டியோ 28 ஆண்டு ஓடியது!

வாசலில் ராக்கெட்

மாடியில் சுற்றிய ராக்கெட் ராட்டினம் என்ன ஆயிற்று? புதிய ராக்கெட் ராட்டினத்தைத் தரைக்குக் கொண்டு வந்தார்கள். அதுவும் எங்கே? "நாளைய உலக"த்தின் வாசலிலேயே! செம்பு நிறக் கோளங்கள் சுழல்வது வெகு அழகு. போட்டோ எடுக்காதவர் இல்லை. ஆனால் உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர், ராட்டினத்துக்குக் கியூ நிற்பவர், போட்டோ எடுப்பவர் எல்லாரும் அங்கேதான் கூட வேண்டும்.

பழைய மாடியில் மிஞ்சியது சும்மா சுழலும் ஒரு அலங்காரக் கருவி. அதில் யாரும் ஏற முடியாது.

பக்கத்துப் பூங்கா

ஒரு முறை பட்டால் போதாதா? போதவில்லை!

டிஸ்னிலாந்தின் பழைய கார் நிறுத்தும் இடத்தில் 2001 பிப்ரவரியில் இன்னொரு பூங்கா திறந்தார்கள். "கலிபோர்னியா அட்வெஞ்சர்" என்று பெயர். செலவு சுமார் 60 கோடி டாலர். டிக்கெட் விலை மட்டும் பழைய பூங்காவுக்குச் சமம். கடைகளும் சாப்பாட்டு விடுதிகளும் நிறைய இருந்தன. குழந்தைகள் ஏறி விளையாடுவதற்குத்தான் கொஞ்சமாக இருந்தது. ஒரு சவாரி ஓராண்டு முடிவதற்குள் மூடப்பட்டது.

ஜனங்கள் ஏமாறவில்லை. தொழில்துறையின் மதிப்பீட்டின்படி, முதல் ஆண்டில் பழைய பூங்காவுக்குச் சுமார் 1 கோடியே 23 லட்சம் பேர் வந்தார்கள். புதியதற்கு 50 லட்சம் பேர்தான்.

2007-ல் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. பூங்காவைத் திருத்தி அமைக்க 110 கோடி டாலர்! முதலில் கட்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 12 ஏக்கரில் "கார்ஸ் லேண்ட்" எழுந்தது. பின்னால் செயற்கை மலை. அதன் உச்சி 125 அடி. 2012 ஜூனில் திறந்தபோது கூட்டம் அலைமோதியது. அந்த ஆண்டு 77 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்று மதிப்பீடு.

முதலிலேயே ஒழுங்காகச் செலவழித்திருந்தால்? சிக்கனம் செய்தது போல் இருந்தது. முடிவில் அதுவே பெருஞ்செலவாயிற்று.

திருத்திக்கொண்டார்கள்

"நாளைய உலக"த்திலும் திருத்தம் வந்தது. விண்வெளி மலை 2003-ல் மூடப்பட்டது. உள்ளே பாதையை அடியோடு மாற்றிக் கட்டினார்கள். வெளியே மறுபடியும் வெள்ளை வர்ணம். 2005 ஜூலையில் திறந்தார்கள். இந்த முறை வர்ணமும் உண்டு, வேலையும் உண்டு.

1998-ல் நிறுத்திய நீர்மூழ்கிக் கப்பல் சவாரி 2007-ல் திரும்பியது. பழைய கப்பல்களின் உடற்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். டீசல் யந்திரத்துக்குப் பதில் மின்சாரம் வந்தது. எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, எது கெட்டதோ அதை மாற்றுவது. இதுதான் உண்மையான சிக்கனம்.

2019-ல் பூங்காவின் இன்னொரு பக்கம் 14 ஏக்கரில் புதிய பகுதி திறக்க இருந்தது. அதற்கு முன்பே நடைபாதைகளைக் கவனித்தார்கள். செடித்தொட்டிகளை ஒதுக்கி வழியை அகலமாக்கினார்கள். குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டி 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். அலங்காரம் கொஞ்சம் குறைந்தது. நடக்க இடம் கிடைத்தது.

யாருக்காக?

1955-ல் பூங்காவுக்குள் நுழைய 1 டாலர் கொடுத்தால் போதும். சவாரிகளுக்குத் தனி டிக்கெட். இப்போதோ சவாரிகளும் சேர்த்து, கூட்டம் மிகுந்த நாட்களில், ஒருவருக்கு 200 டாலருக்கு மேல். தாய், தகப்பன், 2 பிள்ளைகள் என்றால் 800 டாலருக்கு மேல் ஆகிவிடும். மாதக்கணக்கில் சேர்த்து வைத்து ஒரே ஒரு நாள் வரும் குடும்பங்கள் ஏராளம். அந்த ஒரு நாளில் 3 மணி நேரம் கியூவில் போய்விட்டால், அதை யார் திருப்பித் தருவார்கள்? தோளில் தூங்கிப்போன குழந்தைக்குச் செம்பு நிறமும் ஒன்றுதான், வெள்ளை நிறமும் ஒன்றுதான்.

அதற்காக அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அழகு இல்லாவிட்டால் பூங்காவுக்கே போக வேண்டாம். ஆனால் வழி அடைபட்டால் அழகைப் பார்க்க முடியாது. யந்திரம் நின்றால் ஏற முடியாது.

ராக்கெட் ராட்ஸ் நின்ற பிறகு, அது ஓடிய பாதையை இடிக்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் "நாளைய உலக"த்தில் ஜனங்களின் தலைக்கு மேலே அது வெறுமையாக நின்றது. வளைவில் மிச்சம் பிடித்த காசுக்கு அதுதான் ரசீது.