கருத்துத் திருட்டு

கருத்துத் திருட்டு என்பது பிறருடைய எழுத்தையோ, கருத்தையோ, தரவையோ, நிரலையோ எடுத்து, அவர் பெயரைக் குறிப்பிடாமல் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வதைக் குறிக்கும். இது எழுத்துத் திருட்டு, படைப்புத் திருட்டு என்றும் வழங்கப்படுகிறது. கல்லூரிகளில் ஒப்படைப்புகள், ஆய்வகப் பதிவேடுகள், இறுதியாண்டுச் செயல்திட்ட அறிக்கைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஆகியவற்றில் இது நிகழ்கின்றது. கல்விசார் நேர்மையை மீறும் பிற செயல்களாகத் தேர்வில் பார்த்து எழுதுதல், எடுக்காத அளவீடுகளைப் புனைந்து எழுதுதல் ஆகியவற்றைக் கூறலாம்.

வரலாறு

கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமைப் புலவர் மார்சியலின் கவிதைகளை வேறொருவர் தம்முடையவை எனப் படித்துக் காட்டினார். அவரை மார்சியல், ஆட்கடத்துபவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் சாடினார். இன்றைய ஆங்கிலச் சொல்லுக்கு அதுவே மூலம்.

முன்னோர் நூலைப் பயன்படுத்துவதைத் தமிழ் மரபு குற்றமாகக் கருதவில்லை. நன்னூல், நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பிரிக்கின்றது. சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வருவது 'வழி', அதாவது அந்நூல் எதன் வழியில் வந்தது என்பது. கடன் பெறலாம், ஆனால் அதனை முகப்பிலேயே அறிவிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர், திருப்பூர் மாவட்டக் குன்னத்தூருக்கு அண்மையில் பெருந்துறை வட்டாரத்தில் உள்ள சீனாபுரம் என்று ஒரு மரபு உண்டு.

பதிப்புரிமை மீறலுடன் வேறுபாடு

பதிப்புரிமை மீறல் சட்டம் சார்ந்தது. கருத்துத் திருட்டு அறம் சார்ந்தது. எடுத்துக்காட்டாக, பாரதியாரின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றை எவரும் அச்சிடலாம். ஆயினும் ஒரு மாணவர் பாரதியார் கட்டுரையைத் தன் பெயரில் அளித்தால் அது கருத்துத் திருட்டே ஆகும். கட்டற்ற உரிமத்தில் வெளியான கட்டுரைகளுக்கும் நிரல்களுக்கும் இது பொருந்தும்.

எது திருட்டு, எது அன்று

பலரும் அறிந்த செய்திக்குச் சான்று காட்டத் தேவையில்லை. திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது என்பது அத்தகையது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது என்று எழுதும்போது, தகவல் கிடைத்த இடத்தைக் காட்டுவது முறை. நொய்யல் ஆற்று நீரில் ஒருவர் அளந்து வெளியிட்ட உப்பின் அளவைப் பயன்படுத்தினால், அவர் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். சொற்களை மாற்றி எழுதினாலும், வேறு மொழியிலிருந்து பெயர்த்து எழுதினாலும் இக்கடமை நீங்காது.

தரவைத் திருடுவதால் வரும் கேடு பெரிது. நொய்யலின் குறுக்கே அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதால் வேளாண்மை பாதிக்கப்பட்டது. இங்கு நீரை ஆய்வதாகக் கூறும் மாணவர், முந்தைய ஆண்டு அறிக்கையின் எண்களையே பெயர்த்து எழுதினால், ஆறு தேறியதா, மேலும் கெட்டதா என்பது எவருக்கும் தெரியாமல் போகும். ஏமாற்றப்படுபவர் ஆசிரியர் மட்டும் அல்லர். அந்நீரை நம்பியிருக்கும் உழவரும் ஆவர்.

இந்தியாவில் விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு இது தொடர்பான ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. ஆய்வேடுகளில் காணப்படும் ஒப்புமையை இவை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன:

- 10 விழுக்காடு வரை: தண்டனை இல்லை.
- 10-க்கு மேல் 40 வரை: 6 மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும்.
- 40-க்கு மேல் 60 வரை: திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு அளிக்க இயலாது.
- 60-க்கு மேல்: ஆய்வுப் பதிவு நீக்கப்படும்.

உரிய முறையில் காட்டப்பட்ட மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், பொதுவான சமன்பாடுகள் ஆகியன கணக்கில் சேரா.

கண்டறியும் மென்பொருள்கள்

இவை உரையைச் சிறு சொற்றொடர்களாகப் பிரித்து, தம்மிடம் உள்ள ஆவணங்களுடன் ஒப்பிடுகின்றன. நிரல்களை ஒப்பிட, அலெக்சு எய்க்கென் 1994-இல் உருவாக்கிய மாஸ் என்னும் கருவி பயன்படுகின்றது. மாறிகளின் பெயர்களை மட்டும் மாற்றினால் இதனிடம் தப்ப இயலாது.

மென்பொருள் காட்டுவது ஒப்புமையை மட்டுமே. அது திருட்டா என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும். தமிழில் மேலும் ஒரு சிக்கல் உள்ளது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட உரையும் ஒருங்குறியில் உள்ள அதே உரையும் கணினிக்கு வெவ்வேறானவை. எழுத்துருவை மாற்றாமல் ஒப்பிட்டால் திருட்டு புலப்படாது. 2022 நவம்பரில் சாட்சிபிடி வெளிவந்த பின், எங்கும் முன்பு இல்லாத உரையையே கணினி எழுதித் தருவதால் ஒப்பீட்டு முறை மட்டும் போதாது என்ற நிலை ஏற்பட்டுள்ளது.

காரணங்கள்

பள்ளியில் பாடநூல் விடையை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதுபவர் முழு மதிப்பெண் பெறுகின்றார். கல்லூரியில் அதே செயல் குற்றமாகின்றது. இம்மாற்றத்தை எவரும் எடுத்துக் கூறுவதில்லை. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலத்தில் எழுத நேரும் மாணவர், தன் நடையில் பிழை வரும் என்று அஞ்சிப் பிறர் நடையை எடுப்பதும் உண்டு. இறுதியாண்டுச் செயல்திட்டங்களை விலைக்கு விற்கும் நிலையங்கள் இருப்பதும், பதிவேடுகளைப் படிக்காமல் கையொப்பமிடும் வழக்கமும் பிற காரணங்களாகும்.

தவிர்க்கும் முறைகள்

- குறிப்பெடுக்கும்போதே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிக்கொள்ளுதல்.
- அப்படியே எடுத்த வரிகளை மேற்கோள் குறிக்குள் இடுதல்.
- படித்தபின் நூலை மூடிவைத்து, புரிந்ததைத் தன் சொற்களில் எழுதி, பின்னர் மூலத்துடன் ஒப்பிடுதல்.
- சோதனையில் தவறான அளவு வந்தாலும் அதனையே பதிவு செய்து, காரணத்தை ஆராய்தல்.
- நண்பர் செய்த உதவியையும் நன்றியுரையில் குறிப்பிடுதல்.