மருந்து எழுதும் கை

வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கும் நர்ஸ்கள் பெருகிவிட்டார்கள். கற்றதைச் செய்ய அவர்களுக்கு அனுமதி உண்டா?

காலை ஒன்பது மணி. கிழக்கு டெல்லியில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் அந்தப் பெண்ணை வாரத்துக்கு மூன்று நாளாவது பார்ப்பேன். நான் வேலைக்குக் கிளம்பும் நேரம், அவர் இரவு டூட்டி முடித்துத் திரும்பும் நேரம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக நர்ஸ். காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். பாட்டு கேட்கிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வென்டிலேட்டரை எப்போது, எப்படி நோயாளியிடமிருந்து விலக்குவது என்பது பற்றிய வகுப்பு அது என்று பிறகு தெரிந்தது.

ஒருநாள் செல்போனை என்னிடம் நீட்டினார். "அக்கா, இதைப் படிச்சுச் சொல்லுங்க. சின்ன எழுத்துல இருக்கறதையும் சேர்த்து." நான் மொழிபெயர்ப்பு வேலையும் செய்கிறவள் என்பதால் குடியிருப்பில் வீட்டு வாடகைப் பத்திரம் முதல் காப்பீட்டுப் பாலிசி வரை என்னிடம் வரும். இது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விளக்கக் கையேடு. வீட்டிலிருந்தபடியே, வேலையை விடாமல், ஆன்லைனில் படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம் என்கிறது. இங்குள்ள ஓர் ஏஜென்ட் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார். ஊரில் இருக்கும் நகையை அடகு வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சின்ன எழுத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. சேருகிறவரிடம் அமெரிக்காவில் நர்ஸாகப் பணியாற்றும் உரிமம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் குறிப்பிடும் மாநிலங்களில் ஒன்றில் குடியிருக்க வேண்டும். செய்முறைப் பயிற்சிக்கான இடத்தையும் பயிற்றுவிப்பவரையும் மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறார்.

ஆன்லைன் படிப்பு மோசடி என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவில் அது முறையான, மதிப்புள்ள வழி. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி பிறந்ததே அங்கேதான். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் எட்டாத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, பராமரிக்க நர்ஸ்களைத் தயார் செய்வது நோக்கம். ஃபோர்டு 2025 ஜனவரியில் தனது 104ஆம் வயதில் காலமானார். இன்று அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பார்க்கலாம், மருந்து எழுதலாம்.

தொலைவிலிருந்து படிப்பதும் அங்கே புதிதல்ல. கென்டக்கி மலைப்பகுதியில் 1925இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் தொடங்கிய சேவையில் நர்ஸ்கள் குதிரையேறிப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். அதிலிருந்து 1939இல் ஒரு பள்ளி முளைத்தது. இன்று ஃபிரான்டியர் நர்ஸிங் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது முதன்மையாகத் தொலைநிலையிலேயே பாடம் நடத்துகிறது. மாணவி தன் ஊரை விட்டு வெளியேறினால் அந்த ஊர் தன் நர்ஸை இழக்கும், ஆகவே பாடம்தான் மாணவியிடம் போக வேண்டும் என்பது அதன் தர்க்கம். ஆனாலும் ஆன்லைனில் வருவது பாடம் மட்டுமே. நோயாளியை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம் இருக்க வேண்டும் என்று 2022இல் அங்கே தரம் நிர்ணயித்தார்கள். அதற்கு முன் 500 மணி நேரமாக இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்து எங்கே வலி என்று கண்டுபிடிப்பதைத் திரை சொல்லித் தராது.

இந்தியாவில் நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள், தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகளில் நர்ஸிங்கையும் சேர்த்துள்ளன. பெரிய விதிவிலக்கு என்று நர்ஸ்கள் நினைவில் வைத்திருப்பது இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிப்பை. டிப்ளமா முடித்து வார்டில் வேலை பார்ப்பவர்கள் வேலையை விடாமல் பட்டதாரி ஆக அது வழி திறந்தது. தபாலில் பாடப் புத்தகங்கள், விடுமுறை நாளில் நேர்முக வகுப்பு, மருத்துவமனையில் செய்முறை, அதற்கொரு பதிவேடு. எங்கள் குடியிருப்பு நர்ஸும் அப்படித்தான் பட்டம் வாங்கினார். இரவு டூட்டியை மற்றவர்களிடமிருந்து வலிய வாங்கிக்கொள்வாராம், பகலில் வகுப்புக்குப் போக. தூங்கியது பஸ்ஸில். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் குறையே தெரியாது. நன்றாகப் படித்தேன் என்ற பெருமைதான் தெரியும்.

பட்டத்துக்கு மேல்தான் கதவு குறுகுகிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016–17இல் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை அறிமுகப்படுத்தியது. இரண்டு ஆண்டு, முதுகலைத் தரம். பி.எஸ்ஸி. நர்ஸிங்கும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். இதில் வகுப்பறை ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எண்பது விழுக்காடு நோயாளியின் படுக்கையருகே. மருத்துவமனையே பள்ளிக்கூடம், டூட்டியே பாடம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது என்பதற்கு இதைவிட நேரான அர்த்தம் கிடையாது. ஆனால் அந்த வேலை, படிப்பை நடத்தும் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இப்போதிருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் சேர முடியும். கையில் வருவது அந்த நிர்வாகம் தீர்மானிக்கும் தொகை. நாலாம் வகுப்பில் மகள், ஊரில் வீட்டுக் கடன் என்று இருக்கும் ஒருவர் இந்தக் கணக்கைப் பல இரவுகள் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடித்த பிறகு என்ன செய்யலாம்? கவுன்சிலின் பாடத்திட்டம் சொல்கிறபடி, அந்த மருத்துவமனை வகுத்துள்ள நெறிமுறைகளுக்கும் நிலையான உத்தரவுகளுக்கும் உட்பட்டு மருந்து கொடுக்கலாம், பரிசோதனைகளுக்கு உத்தரவிடலாம். அதாவது அதிகாரம் அந்தக் கட்டடத்தின் சுவர்களுக்குள். வாசலைத் தாண்டினால் அவர் மறுபடி நர்ஸ். பல மருத்துவமனைகளில் இந்தப் படிப்புக்கென்று தனிப் பதவியோ தனிச் சம்பளமோ இல்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளர் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சுகாதாரத் துறைக் கையேடுகளைத் தமிழாக்கும்போது நான் திரும்பத் திரும்ப இடறுவது வினைச்சொற்களில்தான். டாக்டர் மருந்து 'எழுதுகிறார்'. மருந்தாளுநர் எடுத்துக் 'கொடுக்கிறார்'. நர்ஸ் அதைச் 'செலுத்துகிறார்'. தமிழில் பேசும்போது மூன்றையுமே 'மருந்து கொடுத்தாங்க' என்று சொல்லிவிடுவோம். சட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு நர்ஸின் தொழில் வாழ்க்கை முழுதும் இந்த மூன்றாவது வினைச்சொல்லுக்குள் அடைபட்டிருக்கிறது. எத்தனை படித்தாலும் முதல் வினைச்சொல்லுக்கு அவர் நகர்வதில்லை.

நகர்த்தும் முயற்சி நடக்காமல் இல்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கைக்குப் பின் துணை சுகாதார நிலையங்களில் டாக்டருக்கும் கிராம நர்ஸுக்கும் இடையில் ஒரு புதிய பதவி வந்தது: சமுதாய சுகாதார அலுவலர். பெரும்பாலும் நர்ஸ்கள். ஆயுர்வேதப் பட்டதாரிகளும் உண்டு. இதற்கான ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை இக்னோ நடத்தியது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்று கணக்கு. முதல் நிலையம் 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டத்தில், ஜாங்லாவில் திறக்கப்பட்டது. 2023இல் இவற்றுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாற்றினார்கள்.

ஹரியானாவில் அப்படி ஒரு நிலையத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பில் இருந்தவர் ராஜஸ்தான்காரர், முப்பது வயதைத் தொடாத ஆண் நர்ஸ். கிராமத்தார் அவரை 'டாக்டர் சாப்' என்றே கூப்பிட்டார்கள். அவர் முதலில் மறுத்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாராம். தலைச்சுற்றல் என்று ஒரு கிழவி வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், கணுக்காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். என்ன மாத்திரை தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அலமாரியில் அது இருக்கவும் இருந்தது. ஆனால் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி திட்டத்தில் இந்த நிலையங்கள் தொலைவில் உள்ள டாக்டர்களோடு இணைக்கப்பட்டுள்ளன. திரையில் டாக்டர் வரும்வரை இருபது நிமிடம் காத்திருந்தோம். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தது. நர்ஸ் விவரங்களைச் சொன்னார், தன் அபிப்பிராயத்தையும் சொன்னார். டாக்டர் ஆமோதித்தார். சீட்டு திரையில் வந்தது, டாக்டர் பெயரில். நர்ஸ் அலமாரியைத் திறந்து அதே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். கிழவி அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். திரையில் வந்தவரை அவர் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை.

இந்த ஏற்பாட்டில் நியாயமும் இருக்கிறது. ஆறு மாதப் படிப்பு எம்.பி.பி.எஸ். ஆகாது. தலைச்சுற்றலுக்குப் பின்னால் நூறு காரணங்கள் ஒளிந்திருக்கும். 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, டாக்டர் அல்லாத சமுதாய சுகாதார ஊழியர்களுக்கு வரம்புக்கு உட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தெழுந்தது. போலி டாக்டர்களுக்குச் சட்ட அங்கீகாரம் என்றது. கவலை பொய்யல்ல. ஆனால் பெரும்பாலான கிராமங்களில் நர்ஸுக்கு மாற்றாக இருப்பது எம்.பி.பி.எஸ். டாக்டர் அல்ல, கேட்டதும் ஊசி போடும் பட்டமில்லாத வைத்தியர். அவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அனுமதி கேட்டு இருபது நிமிடம் காத்திருப்பவர் படித்தவர்தான்.

பிரசவத்தில் அரசு ஓரளவு துணிந்திருக்கிறது. 2018 டிசம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பதினெட்டு மாதப் பயிற்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவச்சி, சிக்கலில்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பில் நடத்தலாம். அதுவும் ஆன்லைன் படிப்பல்ல. பிரசவ அறையில் நின்று கற்பது. 1947ஆம் ஆண்டின் நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்ஸிங் மற்றும் மகப்பேறு உதவி ஆணையத்துக்கான சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நர்ஸ்கள் இன்று அதிகம் எதிர்பார்ப்பது அதிலிருந்துதான்.

லிஃப்ட் வாசலுக்கு வருவோம். இரண்டு லட்சம் ஏஜென்டிடம் போகவில்லை, நகை பெட்டியில் இருக்கிறது. இரவு வகுப்புகளை அவர் விடவில்லை. சான்றிதழ் எதற்கும் உதவாது என்று தெரிந்தே கேட்கிறார். போன மாதம் ஒரு நோயாளியின் மூச்சில் மாற்றம் தெரிந்ததை டூட்டி டாக்டருக்கு முன்பே கவனித்துச் சொன்னேன், அது இந்த வகுப்புகளால்தான் என்றார். மருத்துவக் குறிப்பில் அது டாக்டரின் பெயரில் பதிவாகியிருக்கிறது.

தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு நடத்தும் ஒரு மருத்துவமனையிலிருந்து விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறார். நிரப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் சரியாகப் போட்டுக் கொடுங்கள் என்றார். முடித்தால் தனிப் பதவி உண்டா என்பது கேள்வி. எழுதிக் கொடுத்தேன். ஏழு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருப்பதாக நேற்றுக் காலை சொன்னார், ஒரு காதில் இயர்போனோடு.