உஷார்! கம்பஸ் வாசல் ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறது

சூரிச் கன்ரோனின் ஊஸ்டரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கிற தமிழ்ப் பெற்றோருக்கு அவசரமாகச் சொல்லவேண்டிய சேதி இது. பிள்ளை டொக்டராக வேண்டும், இல்லையென்றால் ஈ.ரி.எச். சூரிச்சில் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் அதற்கான முதல் பரீட்சை, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே, மார்ச் மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. அதற்கான பதிவு பெப்ரவரி நடுப்பகுதிக்கு முன்பே மூடப்படுகிறது. பள்ளி பதியாது. வகுப்பு ஆசிரியரும் பதியமாட்டார். பெற்றோர்தான் இணையத்தில் பதியவேண்டும். மறந்துபோனால் ஒருவரும் உங்களுக்குப் போன் எடுத்து ஞாபகப்படுத்தப் போவதில்லை.

இது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அக்கறைக் குறைவு அல்ல. நம் தலைக்குள் இன்னும் ஏ.எல். பரீட்சைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுகளில் பிள்ளை இரவு பகலாகப் படிக்கும், பெறுபேறு வரும், வெட்டுப்புள்ளி வரும், அன்றைக்குத்தான் விதி தெரியும். அந்த வெட்டுப்புள்ளிதான் ஒரு தலைமுறையின் வயிற்றெரிச்சலும்கூட. 1971இல் இலங்கையில் மருத்துவ பீடத்துக்குப் போக நானூறுக்குத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்கள மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. தரப்படுத்தல் என்று அதற்குப் பெயர். அதில் இடம் இழந்த அண்ணன்மாரின் கதை நம் வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. எண்பதுகளில் சுவிசுக்கு வந்து, உணவகச் சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் நின்று உழைத்தவர்கள், ‘என் பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது’ என்று நினைத்தது நியாயம். ஆனால் பதினெட்டு வயதில் வரப்போகும் ஒரு பெரிய பரீட்சையைக் காவல் காத்துக்கொண்டே இருந்துவிட்டால், பன்னிரண்டு வயதுப் பரீட்சை சத்தமில்லாமல் கடந்துபோய்விடும்.

விஷயம் இதுதான். சுவிசில் கிம்னாசியம் என்ற மேற்பள்ளியை முடித்து, அதன் இறுதிச் சான்றிதழான மத்தூராவை எடுத்த பிள்ளைக்குக் கிட்டத்தட்ட எந்தப் பல்கலைக்கழகமும், எந்தத் துறையும் நுழைவுப் பரீட்சை இல்லாமலே திறந்திருக்கிறது. மருத்துவம் முக்கியமான விதிவிலக்கு. அதைப் பிறகு சொல்கிறேன். ஈ.ரி.எச்.சில் சேர மத்தூராவும், ஏப்ரல் 30க்குள் ஒரு விண்ணப்பமும் போதும். ஆகவே போட்டி நடப்பது பல்கலைக்கழக வாசலில் அல்ல, கிம்னாசிய வாசலில். சூரிச் கன்ரோனில் அந்த வாசலுக்கு இரண்டு படிகள். ஆறாம் வகுப்பு முடித்து ஆறு வருடக் கிம்னாசியம். தவறினால், ஆறாம் வகுப்புக்குப் பின் வரும் பொதுப்பள்ளியான செகுண்டாரின் இரண்டாம் அல்லது மூன்றாம் வருடத்திலிருந்து நான்கு வருடக் கிம்னாசியம். இரண்டுக்கும் கன்ரோன் முழுவதற்கும் பொதுவான நுழைவுப் பரீட்சை உண்டு. ஆறாம் வகுப்பில் அதை எழுதுகிற பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறுவதில்லை.

ஊஸ்டருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கன்ரோன் பாடசாலை, அதாவது கிம்னாசியம், இப்போது இங்கேயே உண்டு. முன்பு போல வெட்சிகோனுக்கு ரயில் ஏறவேண்டியதில்லை. இன்னொன்று, இந்த ஊருக்குக் கல்வியில் ஒரு பழைய உரிமை இருக்கிறது. 1830 நவம்பர் 22இல் பத்தாயிரம் பேரளவில் நாட்டுப்புறத்தார் ஊஸ்டரில் கூடி, சூரிச் நகரத்துப் பெரியவர்களிடம் தங்களுக்கு உரிய இடம் கேட்டார்கள். அடுத்த வருடமே புதிய அரசியலமைப்பு வந்தது. அதன் பின்னால் பொதுப்பள்ளிச் சீர்திருத்தமும், 1833இல் சூரிச் பல்கலைக்கழகமும் வந்தன. அரசரோ திருச்சபையோ அல்லாமல் ஒரு மக்களாட்சி அரசு ஐரோப்பாவில் நிறுவிய முதல் பல்கலைக்கழகம் அது. நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்காக வாதாடிய ஊரில் இருந்துகொண்டு, திகதி தெரியாமல் வாய்ப்பை விடுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

பரீட்சை ஜேர்மனிலும் கணிதத்திலும். பலரும் ஏமாறுகிற இடம் ஜேர்மன். “என்ட பிள்ளைக்கு டொச் தண்ணி பட்ட பாடு” என்று நாம் சொல்வோம். பிள்ளை விளையாட்டுத் திடலில், பேருந்தில், தோழியோடு போனில் வெளுத்து வாங்குவது சுவிஸ் ஜேர்மன். வீட்டில் தமிழ். பரீட்சைத் தாள் கேட்பதோ எழுத்து ஜேர்மன்: ஒரு நீண்ட பத்தியை வாசித்து நுணுக்கமாக விளங்கவேண்டும், வேற்றுமை உருபு பிழைக்காமல் எழுதவேண்டும், கடைசியில் ஒரு கதையோ கட்டுரையோ சொந்தமாகப் படைக்கவேண்டும். வீட்டில் ஜேர்மன் புத்தக அலுமாரியோடு வளர்ந்த பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் உள்ள தூரம் அந்தக் கட்டுரையில்தான் தெரியும். கணிதத்திலும் கதைதான்! ரயிலும் தொட்டியும் ஆப்பிள் கூடையும் நான்கைந்து வரி ஜேர்மனில் வரும். கணக்குத் தெரிந்த பிள்ளையும் வசனத்தில் வழுக்கி விழும். இதை ஆறாம் வகுப்பு நத்தார் விடுமுறையில் சரிசெய்ய முடியாது. நான்காம் வகுப்பிலேயே ஊஸ்டர் நூலகத்துக்குக் கூட்டிப்போய், வாராவாரம் ஒரு புத்தகம் எடுக்கவைப்பதுதான் எனக்குத் தெரிந்த மலிவான வைத்தியம். தமிழை நிறுத்திவிட்டு வீட்டில் அரைகுறை ஜேர்மன் பேசத் தொடங்குகிற பெற்றோரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது பிள்ளைக்கு எழுத்து ஜேர்மனைத் தராது. நம் பிழைகளைத்தான் தரும்.

ஆறாம் வகுப்பு முதல் அரையாண்டு அறிக்கையும் கணக்கில் சேரும். ஜனவரிக் கடைசியில் கிடைக்கிற அந்த அறிக்கையில் ஜேர்மனுக்கும் கணிதத்துக்கும் உள்ள புள்ளி, பரீட்சைப் புள்ளியோடு சேர்த்து எடுக்கப்படுகிறது. ஆக, ஆறாம் வகுப்பின் செப்டெம்பர் மாதச் சோதனைகூடக் கிம்னாசியச் சோதனைதான். ஆறுக்கு ஐந்து எடுத்துவிட்டாள் என்று நிம்மதியாக இருக்கவேண்டாம், ஆறுக்கு நாலரை எடுத்தான் என்று கைவிடவும் வேண்டாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இந்தக் கன்ரோனில் பரீட்சைக்குப் பதிய ஆசிரியரின் சிபாரிசு தேவையில்லை. ‘உங்கள் மகனுக்குச் செகுண்டார்தான் பொருத்தம்’ என்று ஆசிரியர் சொன்னால் அதை மரியாதையாகக் கேளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். ஆனால் பதிவு செய்வதா வேண்டாமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆசிரியர் அதைச் சொல்கிற சந்திப்பு நடக்கிற விதத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அம்மா வேலை முடித்து ஓடி வருவார். எதிரே ஆசிரியர். நடுவில் பதினொரு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கும். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே அம்மாவுக்குச் சொல்லவேண்டிய நிலை. வீட்டுப்பாடம் செய்வதில்லை, வாசிப்புப் போதாது என்று ஆசிரியர் சொன்னது தமிழுக்கு வரும்போது, “எல்லாம் ஓகேயாம் அம்மா” என்று சுருங்கிவிடும். பிள்ளையைக் குற்றம் சொல்லமுடியாது. அம்மா தலையாட்டுவார். செகுண்டாரில் ஆ (A) பிரிவா பே (B) பிரிவா என்ற முடிவு அந்தத் தலையாட்டலோடு முடிந்துபோகும்.

ரியூஷன்காரரிடமும் கவனம். பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறோம் என்று ஆயிரம் பிராங்கைத் தாண்டிக் கட்டணம் வாங்குகிற வகுப்புகள் சூரிச் முழுக்க உண்டு. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் கடந்த வருடங்களின் வினாத்தாள்கள் இலவசமாக இணையத்திலேயே கிடைக்கின்றன. பல பொதுப்பள்ளிகள் ஆறாம் வகுப்பில் தாங்களே ஆயத்த வகுப்பு நடத்துகின்றன. முதலில் உங்கள் பள்ளியில் கேளுங்கள், பிறகு பணத்தை எடுங்கள். செகுண்டாரில் படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு: சூரிச்சில் உன்டர்ஷ்ட்ராஸ் கிம்னாசியம் 2008இல் தொடங்கிய ஷகால் என்ற திட்டம், புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மேற்பள்ளிப் பரீட்சைக்குப் பயிற்றுவிக்கிறது. அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும்.

பரீட்சையில் தேறியதும் மண்டபம் எடுத்துக் கேக் வெட்டிவிடாதீர்கள். கிம்னாசியத்தின் முதல் அரையாண்டு தகுதிகாண் காலம். ஓகஸ்டில் சேர்ந்த பிள்ளை ஜனவரியில் புள்ளி போதாமல் திரும்பவும் செகுண்டாருக்கு வரலாம். பரீட்சைக்கு மட்டும் ஏற்றிவிடப்பட்ட பிள்ளை அந்த ஆறு மாதத்தில் தவித்துப்போகும். சுற்றம் முழுவதற்கும் அறிவித்துவிட்டோமே என்ற வெட்கத்தில் பிள்ளையோடு பேச்சை நிறுத்துகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அது படிப்பை விடப் பெரிய இழப்பு.

தவறிவிட்டது, என்ன செய்வது? பதற்றம் வேண்டாம், ஆனால் திகதிகள் அங்கேயும் ஓடுகின்றன. தொழிற்பயிற்சியோடு தொழில் மத்தூராவும் எடுத்த பிள்ளை நேராக வின்ரர்தூர் போன்ற இடங்களில் உள்ள பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். அதற்கு மேல் பசரெல் என்ற ஒரு வருடப் படிப்பும் பரீட்சையும் முடித்தால், சூரிச் பல்கலைக்கழகமும் ஈ.ரி.எச்.சும் திறந்துகொள்ளும். இது ‘இரண்டாந்தரம்’ என்று நம் ஆட்கள் கல்யாண வீட்டில் முணுமுணுப்பார்கள், விட்டுவிடுங்கள். பொறியியலாளர்கள் பலர் வந்த வழி அது. உஷாராக இருக்கவேண்டியது வேறிடத்தில்: நல்ல பயிற்சி இடங்கள் செகுண்டார் மூன்றாம் வருட இலையுதிர்காலத்திலேயே நிரம்பத் தொடங்கும். இரண்டாம் வருடத்திலேயே பிள்ளையை ஊஸ்டர் தொழில் தகவல் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். தொழில் மத்தூராவுக்கும் தனி நுழைவு உண்டு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மருத்துவம். இங்கேதான் கனவு அதிகம், ஏமாற்றமும் அதிகம். சூரிச், பேர்ண், பாசல், பிறிபூர்க் பல்கலைக்கழகங்களிலும் ஈ.ரி.எச்.சிலும் இடம் குறைவு. ஆகவே 1998இலிருந்து தகுதிப் பரீட்சை நடக்கிறது. ஜூலையில், வருடத்தில் ஒரேயொரு நாள். மத்தூராவில் எவ்வளவு உயர்ந்த புள்ளி எடுத்தாலும் அது இந்தத் தெரிவுக்கு உதவாது. கேள்விகள் உயிரியல் பாடத்திலிருந்து வருவதில்லை. கவனம், விளக்கம், வடிவ அறிவு ஆகியவற்றைச் சோதிக்கின்றன. படிப்புக்கான பதிவு பெப்ரவரி 15இல் முடிகிறது, அதாவது மத்தூராப் பரீட்சை எழுதுவதற்கு முன்பே. பிள்ளை ‘முதலில் மத்தூரா முடியட்டும், பிறகு பார்ப்போம்’ என்று சொன்னால் ஒரு வருடம் போய்விடும். சுவிஸ் குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு வதிவிட அனுமதி தொடர்பான நிபந்தனைகளும் உண்டு. உங்கள் பெர்மிட்டின் எழுத்தை எடுத்துப் பார்த்து, பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜெனீவாவிலும் லொசானிலும் தகுதிப் பரீட்சை இல்லை என்று சொல்லி அனுப்பிவைப்பவர்கள், முதல் வருட முடிவில் அங்கே எத்தனை பேர் வடிகட்டப்படுகிறார்கள் என்று சொல்லமாட்டார்கள். படிப்பும் பிரெஞ்சில்.

தகுதிப் பரீட்சையில் விழுந்த மறுவாரமே முகவர்கள் வருவார்கள். கோவில் திருவிழாவில் துண்டுப்பிரசுரம், வட்ஸப்பில் வாழ்த்து, “இடம் உறுதி அக்கா, முற்பணம் மட்டும் கட்டுங்கோ” என்ற தேன்குரல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் மருத்துவப் பட்டங்களுக்கு சுவிசில் அங்கீகார உடன்பாடு இருக்கிறது. அந்த ஒன்றியத்துக்கு வெளியே, ஜோர்ஜியாவிலோ உக்ரைனிலோ இலங்கையிலோ எடுத்த பட்டத்துக்கு அப்படி நேரடி அங்கீகாரம் கிடையாது. முகவர் இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்வார். ஐரோப்பியப் பட்டத்தோடு திரும்பி வந்தாலும் 2022இலிருந்து புதிய விதி இருக்கிறது: காப்புறுதிக் கணக்கில் சொந்தமாக வைத்தியம் பார்க்க, அந்தத் துறையில் சுவிசில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் மூன்று வருடமாவது வேலை செய்திருக்கவேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன், வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களின் அங்கீகாரத்தைப் பார்க்கிற, பேர்ணில் உள்ள மெபெகோ ஆணைக்குழுவிடம் கேளுங்கள். முகவரின் மாமா சொன்னது பதிலாகாது.

கடைசியாக, பெயரில் ‘யூனிவெர்சிற்றி’ இருக்கிறது என்பதற்காக ஒன்றையும் நம்பாதீர்கள். 2015இல் நடைமுறைக்கு வந்த உயர்கல்விச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெறாத நிறுவனம் அந்தப் பெயரைப் பயன்படுத்தமுடியாது. பழைய நிறுவனங்களுக்குக் கொடுத்த தவணை 2022 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் ‘பிஸ்னஸ் ஸ்கூல்’, ‘அகடமி’, ‘இன்ஸ்ரிரியூட்’ என்ற பலகைகளுக்கு அப்படித் தடை இல்லை. ஒரு மாடியில் இரண்டு அறையும் ஒரு மேசையும் போதும். சுவிஸ் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களின் பட்டியல் சுவிஸ்யூனிவெர்சிற்றீஸ் அமைப்பிடம் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

அடுத்த ஆசிரியர் சந்திப்புக்கு அழைப்புக் கடிதம் வரும்போது, வருகிறோம் என்று மட்டும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். அதன் அடியில் இந்த வரியையும் எழுதுங்கள்: ‘வீர் பிரவுஹன் ஐனே டமிலிஷே டொல்மெட்ஷரின்.’ தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று அர்த்தம். எழுத்துக்கூட்டலைப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம். சந்திப்பு நாளில் நடுவில் உட்காரவேண்டியவர் அந்த மொழிபெயர்ப்பாளர். பிள்ளை உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.