ராக்கி: நாயகன் தோற்கும் படம் நிலைத்து நிற்பது ஏன்?

ராக்கி என்பது 1976 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் குத்துச்சண்டைத் திரைப்படமாகும். சில்வெஸ்டர் ஸ்டாலோன் இதற்குத் திரைக்கதை எழுதி, நாயகனாகவும் நடித்தார். ஜான் ஜி. அவில்ட்சன் இயக்கினார். பில் கான்டி இசையமைத்தார். ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் செலவில், 28 நாள் படப்பிடிப்பில் முடிக்கப்பட்ட இப்படம், அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1977 இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த படத்தொகுப்பு ஆகிய மூன்று விருதுகளைப் பெற்றது. 2006 இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பெயர் தெரியாத எளிய வீரன் ஒருவன் பெரிய வீரனை எதிர்கொள்ளும் கதைகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் கடைசியில் எளியவனே வெல்கிறான். ராக்கி படத்தின் நாயகனோ தோற்றுப்போகிறான். ஆயினும், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மக்கள் இப்படத்தை விரும்பிப் பார்க்கிறார்கள். அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

கதைச் சுருக்கம்

கதை 1975 ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிலடெல்பியா நகரில் நடக்கிறது. ராக்கி பால்போவா முப்பது வயதை எட்டிய குத்துச்சண்டை வீரன். சிறு அரங்குகளில் சொற்பப் பணத்துக்குச் சண்டையிடுகிறான். அது வயிற்றுக்குப் போதாததால் காசோ என்ற கந்துவட்டிக்காரனிடம் கடன் வசூலிக்கும் வேலையும் பார்க்கிறான். பணம் தராதவனின் கட்டைவிரலை உடைத்துவிட்டு வரும்படி முதலாளி சொல்லியிருந்தும், அவனுக்கு அதைச் செய்ய மனம் வருவதில்லை. பயிற்சிக்கூடத்தில் அவன் பொருள்கள் வைத்திருந்த பெட்டகத்தை முதிய பயிற்சியாளர் மிக்கி வேறொரு இளைஞனுக்குக் கொடுத்துவிடுகிறார். இவன் இனித் தேற மாட்டான் என்பது அவர் எண்ணம்.

உலக ஹெவிவெயிட் சாம்பியன் அப்பல்லோ கிரீட், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டையொட்டி ஃபிலடெல்பியாவில் ஒரு போட்டி நடத்தத் திட்டமிடுகிறான். எதிராளியாகக் குறிக்கப்பட்டவர் காயமடைந்துவிட, ஊர்க்காரன் ஒருவனுக்கு வாய்ப்புக் கொடுத்தால் விளம்பரம் கிடைக்கும் என்று பட்டியலைப் புரட்டுகிறான். 'இத்தாலிய ஸ்டாலியன்' என்ற பட்டப்பெயர் காதுக்கு நன்றாக இருப்பதால் ராக்கியைத் தேர்ந்தெடுக்கிறான். ஸ்டாலியன் என்றால் ஆண்குதிரை.

இதற்கிடையே, செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்யும் கூச்ச சுபாவமுள்ள ஏட்ரியனுக்கும் ராக்கிக்கும் அன்பு மலர்கிறது. மிக்கி தன் பழைய எண்ணத்தை விட்டு அவனுக்குப் பயிற்சி தர முன்வருகிறார். போட்டியில் ராக்கி பதினைந்து சுற்றுகளும் நின்று போராடுகிறான். முடிவில் நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்பு அளிக்க, கிரீட் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்கிறான்.

நாயகனின் இலக்கு எது?

படத்தின் மையம் போட்டிக்கு முந்தைய இரவில் உள்ளது. தூக்கம் வராமல், ராக்கி வெறிச்சோடிய அரங்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். வீடு திரும்பியதும் ஏட்ரியனிடம், தன்னால் வெல்ல முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். கிரீடுக்கு எதிராக இதுவரை எவரும் கடைசிச் சுற்றுவரை நின்றதில்லை. கடைசி மணி அடிக்கும்போது தான் நின்றுகொண்டிருந்தால், தெருவில் திரியும் வீணர்களில் ஒருவன் அல்ல என்று தனக்கே தெளிவாகிவிடும் என்பதே அவன் கணக்கு.

இதன் பொருளை உணர அக்கால விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது ஹெவிவெயிட் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகள் கொண்டவை. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் வீதம் மொத்தம் 45 நிமிடம். சுற்றுகளுக்கு இடையே ஒரு நிமிடம் மட்டுமே ஓய்வு. 1982 இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ பட்டப் போட்டி ஒன்றில் அடைந்த காயத்தால் இறந்த பிறகே, உலகக் குத்துச்சண்டைக் கழகம் முதலில் இதை 12 சுற்றுகளாகக் குறைத்தது. ஆகவே 15 சுற்றும் நிற்பது என்பது எளிய ஆசை அல்ல.

வெற்றி என்பது எதிராளியின் திறனையும் நடுவரின் தீர்ப்பையும் சார்ந்தது. விழுந்தாலும் மீண்டும் எழுவது தன்னைச் சார்ந்தது. ராக்கி தன் கைக்குள் இருப்பதை இலக்காக வைத்துக்கொள்கிறான். அதனால்தான் தோல்வி அறிவிக்கப்படும்போது பார்வையாளருக்கு ஏமாற்றம் ஏற்படுவதில்லை. அந்தக் காட்சியைக் கவனியுங்கள். தீர்ப்பு அரங்கின் இரைச்சலுக்கு நடுவே, ஒதுக்குப்புறமாக ஒலிக்கிறது. ராக்கி அதைக் காதில் வாங்கவே இல்லை. ஏட்ரியனின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருக்கிறான். யார் வென்றார் என்பதை இயக்குநர் வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்.

படம் பிறந்த விதம்

1975 மார்ச் 24 அன்று ஒகையோ மாநிலத்தில் முகமது அலியை எதிர்த்துச் சக் வெப்னர் என்பவர் களமிறங்கினார். நியூஜெர்சியைச் சேர்ந்த இவர் மதுபான விற்பனையாளராகவும் வேலை பார்த்தவர். சில சுற்றுகளிலேயே வீழ்வார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஒன்பதாம் சுற்றில் அலி கீழே விழுந்தார். வெப்னர் தன் காலை மிதித்ததால் விழுந்ததாக அலி பின்னர் கூறினார். பதினைந்தாம் சுற்றில், முடிய 19 நொடிகளே இருந்தபோது நடுவர் சண்டையை நிறுத்தி அலிக்கு வெற்றி அளித்தார்.

வாய்ப்புத் தேடி அலைந்துகொண்டிருந்த நடிகர் ஸ்டாலோன் இப்போட்டியைத் திரையரங்க ஒளிபரப்பில் பார்த்தார். பின்னர் மூன்றரை நாளில் முதல் வரைவை எழுதினார். தயாரிப்பாளர்கள் இர்வின் விங்க்ளர், ராபர்ட் சார்டாஃப் இருவருக்கும் கதை பிடித்தது. ஆனால் திரைப்பட நிறுவனம் புகழ்பெற்ற நடிகரை நாயகனாக்க விரும்பியது. அப்போது தம் வங்கிக் கணக்கில் 106 டாலரே இருந்ததாக ஸ்டாலோன் பேட்டிகளில் கூறியுள்ளார். கதைக்குப் பெரிய விலை தர முன்வந்தும், நாயகனாகத் தம்மை நடிக்கவிட்டால் மட்டுமே தருவேன் என்று அவர் உறுதியாக நின்றார். நிறுவனம் இறங்கி வந்தது. படச் செலவையும் சுருக்கிக்கொண்டது.

சிக்கனம் கலையாக மாறியது

பணத் தட்டுப்பாடு படத்தின் சில சிறந்த காட்சிகளுக்குக் காரணமாயிற்று. ராக்கியும் ஏட்ரியனும் முதன்முதலாக வெளியே செல்லும் பனிச்சறுக்குக் கூடக் காட்சியில் நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள் வருவதாக முதலில் எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பணம் இல்லாததால், மூடிய கூடத்துக்குள் காவலரிடம் காசு கொடுத்துப் பத்து நிமிடம் அனுமதி வாங்குவதாக மாற்றினார்கள். ஆளில்லாத கூடத்தில் இரண்டு தனிமையான மனிதர்கள் மட்டும் பேசிக்கொண்டு செல்வதே இப்போது காட்சியின் அழகாக இருக்கிறது. அரங்கில் தொங்கும் படத்தில் ராக்கியின் கால்சட்டை நிறம் தவறாக வரையப்பட்டுவிட்டது. திருத்தப் பணமில்லை. ராக்கியே அதைச் சுட்டிக்காட்டுவதாக வசனம் சேர்த்தனர். அவனை யாரும் பொருட்டாக மதிக்கவில்லை என்பது அதனாலேயே புரிந்துவிடுகிறது.

மற்றொரு புதுமை ஸ்டெடிகேம் கருவி. காரெட் பிரௌன் உருவாக்கிய இக்கருவியால், ஒளிப்பதிவாளர் ஓடிக்கொண்டே குலுக்கலின்றிப் படம்பிடிக்க முடிந்தது. இதை முதன்முதலாகப் பயன்படுத்திய படங்களுள் ராக்கியும் ஒன்று. ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் 72 படிகளில் ராக்கி ஓடி ஏறும் காட்சி இதனால் சாத்தியமாயிற்று. தொடக்கத்தில் அதே படிகளில் அவன் மூச்சிரைத்து, விலாவைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான். பல வாரப் பயிற்சிக்குப் பின் துள்ளி ஏறி இரு கைகளையும் உயர்த்துகிறான். படத்தில் அவன் வெற்றிக் களிப்புடன் கைகளை உயர்த்துவது போட்டிக்கு முன்புதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நேற்று முடியாதது இன்று முடிந்ததே அவன் மகிழ்ச்சிக்குக் காரணம். அக்காட்சியின் பின்னணியில் ஒலிக்கும் பில் கான்டியின் பாடல் 1977 இல் அமெரிக்க இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

வெளிவந்த காலம்

வாட்டர்கேட் ஊழலால் அதிபர் நிக்சன் 1974 இல் பதவி விலகினார். வியட்நாம் போர் 1975 இல் முடிந்தது. அமெரிக்கர்கள் மனச்சோர்வில் இருந்த காலம் அது. அவ்வாண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் ராக்கியுடன் இருந்த 'டாக்சி டிரைவர்', 'நெட்வொர்க்', 'ஆல் த பிரசிடெண்ட்ஸ் மென்' ஆகியவை நகர வாழ்வின் வெறுமை, தொலைக்காட்சியின் பேராசை, ஆட்சியாளரின் ஊழல் ஆகியவற்றைப் பேசின. ராக்கியும் வறுமையை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் தன்னைப் பற்றிய மதிப்பை மீட்டுக்கொள்ள முடியும் என்று காட்டியது.

விமர்சனங்களும் மறுபக்கமும்

இப்படத்தைக் குறைகூறுவோரும் உண்டு. முகமது அலியின் சாயலில் அமைந்த கறுப்பினச் சாம்பியனை ஆரவாரக்காரனாகவும், வெள்ளையனை எளிய நல்லவனாகவும் காட்டியது அக்காலத்து இன மனப்பான்மைக்குத் தீனி போட்டது என்பது முக்கியமான விமர்சனம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஃபிலடெல்பியாவின் உண்மையான சாம்பியன் ஜோ ஃபிரேசியர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1971 இல் அலியைத் தோற்கடித்தவர். இளமையில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது, தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி செய்ததாக அவர் கூறியிருக்கிறார். படத்தில் ராக்கியும் அதையே செய்கிறான். ஃபிரேசியர் படத்தில் ஒரு சிறு காட்சியில் அவராகவே தோன்றுகிறார். கற்பனை வீரன் ராக்கிக்கு 1980களின் தொடக்கத்திலேயே வெண்கலச் சிலை உருவானது. 2006 இல் அது அருங்காட்சியகப் படிகளுக்கு அருகில் வைக்கப்பட்டது. ஃபிரேசியருக்கு அந்நகரில் சிலை எழுந்தது 2015 இல்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். சக் வெப்னரும் தம் வாழ்க்கையைப் பயன்படுத்திக்கொண்டதற்காக ஸ்டாலோன்மீது 2003 இல் வழக்குத் தொடுத்தார். 2006 இல் அது சமரசத்தில் முடிந்தது. எளியவனின் கதையை உலகம் கொண்டாடியது. அந்தக் கதைக்கு உயிர் கொடுத்த மனிதர்கள் தங்களுக்கு உரியதைப் பெற நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடர்ச்சிப் படங்கள்

1979 இல் வந்த இரண்டாம் பாகத்தில் ராக்கி கிரீடை வென்று சாம்பியனாகிறான். பின்னர் 1982, 1985, 1990, 2006 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ச்சிகள் வந்தன. 2015 இல் ரையன் கூக்லர் இயக்கிய 'கிரீட்' படம், அப்பல்லோவின் மகனை நாயகனாக்கியது. இதிலும் நாயகன் கடைசிவரை நின்று, பிளவுபட்ட தீர்ப்பில் தோற்கிறான். நாற்பது ஆண்டுக்குப் பின் வந்த இயக்குநரும் முதல் படத்தின் முடிவையே மீண்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மாணவர்கள் கவனத்துக்கு

'உழைத்தால் வெல்லலாம்' என்பதற்கு எடுத்துக்காட்டாக இப்படம் அடிக்கடி சொல்லப்படுகிறது. படம் அப்படிச் சொல்லவில்லை. ராக்கிக்கு வாய்ப்பு வந்ததே ஒரு பட்டப்பெயரின் தற்செயலால். உழைத்த பின்னும் அவன் வெல்லவில்லை. முதல் மதிப்பெண் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்ற முப்பத்தொன்பது பேரின் உழைப்பையும் எந்த அளவுகோலால் அளப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பறையில் எழும் கேள்வி. போன முறை ஏற முடியாத படி எது, இம்முறை எத்தனை படி ஏறினேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது ஓர் அளவுகோல். ராக்கி அதைத்தான் வைத்திருந்தான். படத்தைப் பார்க்கும்போது, கடைசி மணி அடித்த பிறகு அவன் முகத்தையும் கிரீடின் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.